ஆற்றில் மீனுக்குப் பங்கு உண்டா? காவிரியும் தென்பெண்ணையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். தண்ணீர்த் தகராறு என்று என்னிடம் வருவதில் பாதி வாய்க்கால், மீதி கிணறு. மீனுக்காக யாரும் வந்ததில்லை. கொஞ்ச காலமாகத்தான் ஒகேனக்கல் பரிசல்காரர், காவேரிப்பட்டணத்து விவசாயி, ஓசூரில் படிக்கும் பெண் என்று ஆள் மாற்றி ஆள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் நின்று சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். கையில் வழக்கு இருந்தால் கட்டோடு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

ஆற்றுத் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

யாருக்கும் இல்லை. சட்டம் தருவது பயன்படுத்தும் உரிமை மட்டும்.

பழைய சட்டத்திலிருந்து தொடங்கினால், 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணம், குடகு ஆகிய இடங்களுக்காகப் போட்ட சட்டம் அது. அப்போது நம் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்ததால் தொடக்கத்திலிருந்தே நமக்கும் பொருந்தும். ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவர் குடிக்க, வீட்டுக்கு, ஆடு மாட்டுக்கு, அந்த நிலத்துப் பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்கலாம், ஆனால் அதே போன்ற மற்றக் கரைக்காரருக்குக் கெடுதல் வரக்கூடாது என்கிறது 7-வது பிரிவு. ஓடை தன் நிலத்துக்கு வரும்போது அளவிலும் திசையிலும் வேகத்திலும் வெப்பத்திலும் பெரிய மாற்றம் இல்லாமல் வர வேண்டும் என்று கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. இதை எழுதியவர்கள் மீனை நினைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் மீனுக்கு வேண்டியதும் இதே நான்குதான்.

அதே சட்டத்தின் 2-வது பிரிவு, ஆற்று நீரைத் தேக்கவும் பங்கிடவும் அரசுக்கு உள்ள அதிகாரத்தைத் தொடவில்லை. அதனால் அணை, மதகு என்று வந்துவிட்டால் கரைக்காரரின் உரிமை பின்னுக்குப் போய்விடும். அரசியல் சாசனப்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-வது இனம். மாநிலம் தாண்டி ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் 56-வது இனம். நமக்கு இருக்கும் இரண்டு பெரிய ஆறுகளும் கர்நாடகத்திலிருந்து வருகிறவை என்பதால் நம் ஆற்றுப் பேச்சு எல்லாமே கடைசியில் டெல்லிக்குத்தான் போகிறது.

1996-ல் எம்.சி.மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. ஆறு, காடு, கடற்கரை போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களுக்காகக் காத்து வைத்திருக்கும் பொறுப்பாளர். கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தா இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்காக வாதாட எழுந்து நிற்கிற வக்கீலுக்கு இந்தத் தீர்ப்புதான் பிடிமானம்.

மீனுக்கென்று எங்காவது தண்ணீர் ஒதுக்கியிருக்கிறார்களா?

காவிரியில் இருக்கிறது. நம் ஊரிலேயே பலருக்கு இது தெரியாது.

1990 ஜூனில் அமைத்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ம் தேதி இறுதித் தீர்ப்பு சொன்னது. மொத்தம் 740 டிஎம்சி என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தார்கள். மீதி 14 டிஎம்சி. அதில் 4 தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது, 10 சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு. அந்தப் பத்துதான் ஆற்றின் சொந்தப் பங்கு. நூறு குடத்தில் ஒன்றரைக் குடம்கூட இல்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கிறது.

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கை மாற்றியது. கர்நாடகத்துக்கு 14.75 டிஎம்சி கூடியது, மாநில எல்லையில் ஆற்று நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நமக்கு வந்து சேர வேண்டியது 192-லிருந்து 177.25 ஆகக் குறைந்தது. சுற்றுச்சூழலுக்கான பத்தில் கைவைக்கவில்லை.

அந்தப் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க மாதவாரி அட்டவணையைப் பாருங்கள். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று போய், ஜனவரியில் 2.76-க்கு இறங்கும். அப்புறம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே நான்கு மாதமும் தலா 2.5. நாலு இரண்டரை பத்து. பயிருக்குத் தண்ணீர் கேட்காத மாதங்களில் ஆறு ஆறாக இருக்கட்டும் என்று விட்ட பங்கு இதுதான். 2024 கோடை வறட்சியில் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவில் தமிழ்நாடு கேட்டதும் இந்த இரண்டரையைத்தான். செய்தியில் 'காவிரியில் தண்ணீர் திறக்க வலியுறுத்தல்' என்று பொதுவாகப் போட்டுவிடுவார்கள். சண்டை மீன் பங்குக்கு என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

மாதம் 2.5 டிஎம்சி என்றால் ஒகேனக்கல்லில் எவ்வளவு தண்ணீர் தெரியும்?

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. 2.5 டிஎம்சியை முப்பது நாளுக்குச் சமமாகப் பிரித்தால் வினாடிக்குச் சுமார் 965 கனஅடி வரும். பேப்பரில் 'நீர்வரத்து ஆயிரம் கனஅடி' என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. பாறைகள் பல்லைக் காட்டும், ஆனால் அவற்றின் நடுவே ஓட்டம் அறாமல் இருக்கும்.

தீர்ப்பில் இருக்கும் ஓட்டையும் இங்கேதான். சட்டம் மாதத்தைக் கணக்குப் பார்க்கிறது, மீனோ ஒவ்வொரு நாளையும் வாழ்ந்து கடக்க வேண்டும். பத்து நாளில் மொத்தமாக விட்டுவிட்டு இருபது நாள் அடைத்துக்கொண்டாலும் மாதக் கணக்கு சரியாகிவிடும். அந்த இருபது நாளில் மடுவில் மாட்டிய மீன் செத்துப்போகும். 'மாதத்துக்கு இவ்வளவு' என்பதோடு 'எந்த நாளிலும் இதற்குக் குறையக்கூடாது' என்ற ஒரு வரியும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. காவிரியில் கேட்க வேண்டியது கூடுதல் டிஎம்சி அல்ல, இந்த ஒரு வரிதான்.

மீன் முட்டையிடுவது மழைக்காலத்தில்தானே? கோடையில் எதற்குத் தண்ணீர்?

முட்டையிட ஆடி வெள்ளம் வேண்டும். அதுவரை உயிரோடிருக்கப் பங்குனி சித்திரையில் ஓட்டம் வேண்டும்.

கெண்டை இனங்கள் பலவும் புது வெள்ளத்துக்குக் காத்திருக்கும். தண்ணீர் கலங்கி, குளிர்ந்து, மட்டம் ஏற ஏற எதிர்நீச்சல் போட்டு மேலே போகும். ஏத்து மீன் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே வெள்ளமும் ஒரு தேவைதான். வருகிற வெள்ளத்தை எல்லாம் அணையில் பிடித்துவைத்துக்கொண்டு, வருஷம் முழுக்க ஒரே அளவில் சொட்டவிட்டால் அந்தச் சைகை மீனுக்குக் கிடைக்காது.

கோடையில் நடப்பது வேறு. தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அதில் ஆக்சிஜன் கரைவது குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். பாறையில் மோதி நுரைத்து ஓடினால் காற்று கலந்து அந்தக் குறை ஈடாகும். ஓட்டம் நின்றால் மடுவில் பாசி பிடிக்கும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும், ராத்திரி அதுவே குடிக்கும். அதனால்தான் மீன் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. ஊட்டமலையில் பரிசல் ஓட்டிய என் மாமா ஒருவர், காலை ஐந்து மணிக்கு மடுவைப் பார்த்தே ஆற்றின் நிலைமையைச் சொல்லிவிடுவார்.

இது கட்லா, ரோகுக்கு மட்டுமல்ல. திமில் மஹ்சீர் என்ற பெரிய கெண்டை காவிரிப் படுகையில் தவிர வேறெங்கும் இல்லை. முறையான அறிவியல் பெயரே அதற்கு 2018-ல்தான் உறுதியானது. அதே ஆண்டு 'அழிவின் விளிம்பில்' என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் கிடைத்ததும் கெடு வந்ததும் ஒன்றாக. அணைகளும் ஓட்டக் குறைவும் காரணங்களில் சில. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் இன்னொன்று. அதற்கு முன்பே போனது உல்லம். கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த மீன், 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் அருகிப்போனது.

தென்பெண்ணைக்கும் இப்படி ஒரு பங்கு உண்டா?

இல்லை. இத்தனையும் எழுதக் காரணமே இந்த இல்லைதான்.

நந்தி மலையில் பிறந்து பெங்களூருவின் ஓரமாக வந்து, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையிலும் பிறகு கிருஷ்ணகிரி அணையிலும் தேங்கி, காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமந்தீர்த்தம் வழியாகச் சாத்தனூர் அணைக்குப் போய், கடலூரில் கடலில் சேரும் ஆறு. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒப்பந்தத்தில் இதன் பெயரும் உண்டு. மேலே புதிய அணை கட்டுவதென்றால் கீழே இருப்பவரின் சம்மதம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோளில் அணை கட்டியபோது அந்த ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றம் போனது. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு என்றால் 1956-ம் ஆண்டுச் சட்டப்படி நடுவர் மன்றம் கேட்க வேண்டும் என்று 2019 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது.

அந்த ஒப்பந்தத்தில் மீன் கிடையாது, 1892-ல் யாரும் அப்படி யோசிக்கவில்லை. நதிநீர்த் தகராறு விசாரணை என்று வந்தால் இரு தரப்பும் பாசனப் பரப்பு, குடிநீர் என்றுதான் கணக்கு வைக்கும். சுற்றுச்சூழலுக்கு என்று ஒரு வரியை நாம் கேட்டால்தான் சேர்ப்பார்கள். காவிரியில் சேர்ந்ததற்கு முன்னுதாரணம் கையில் இருக்கிறது.

தென்பெண்ணைக்கு இன்னொரு தலைவலி. கோடையில் கெலவரப்பள்ளிக்கு வருவதில் பெரும்பகுதி பெங்களூருவின் கழிவுநீர். மதகு திறந்தால் வெள்ளை நுரை மலையாக எழும்பி ரோட்டை மூடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2018-லிருந்து பெங்களூருக் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். அப்படியானால் கழிவு குறைந்ததற்கு மகிழ்வதா, வரத்து குறைந்ததற்கு வருந்துவதா? அளவையும் தரத்தையும் தனித்தனிச் சட்டத்தில், தனித்தனி அலுவலகத்தில் வைத்ததன் கூத்து இது.

ஆற்றிலோ அணையிலோ மீன் செத்து மிதந்தால் என்ன செய்வது?

முதலில் நேரத்தைக் குறியுங்கள். 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம், நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு வரும்படி தண்ணீர் கெட்டாலே அது 'மாசு' என்கிறது. மனிதருக்கு நோய் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மீன் வளர்ப்புக்கும் வனவிலங்குக்கும் உரிய தண்ணீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் 'டி' வகையில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், அம்மோனியா 1.2-க்கு மேல் போகக்கூடாது. புகார் மனுவில் இந்த எண்களை எழுதினால் படிப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மீன்வளத்துறைக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், நகல் கலெக்டருக்கு. நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீர் குற்ற வழக்கில் சாட்சியாக நிற்காது. வாரிய அதிகாரி, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து எடுத்த மாதிரிதான் செல்லும். உங்கள் போட்டோவும் வீடியோவும் அவரைச் சீக்கிரம் வரவழைக்கத்தான். ஒருமுறை நானே ஒரு அணைக்கரையில் இப்படிப் பார்த்துவிட்டுப் போனேன். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டியது. மூன்றாம் நாள் ஆள் வந்து மாதிரி எடுத்தபோது மேலிருந்து புதுத்தண்ணீர் வந்து எல்லாம் கழுவிப்போயிருந்தது. அதிலிருந்து முதல் மனுவையே ஈமெயிலிலும் ரிஜிஸ்டர் தபாலிலும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன்.

வாரியமே வழக்குப் போடவில்லை என்றால், 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீங்களே குற்றவியல் புகார் செய்யலாம். அதே 1974 சட்டத்தின் 49-வது பிரிவு.

காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்தார்களே, அதனால் ஆற்றுக்கு லாபம் உண்டா?

உண்டு, நிறையவே. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். யானைக்கு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நீர்நாய், முதலை, லீத் மென்னோட்டு ஆமை எல்லாம் அந்த அறிவிப்போடு பேசப்பட்டவையே.

1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 29-வது பிரிவைப் படியுங்கள். சரணாலயத்துக்குள் வரும் தண்ணீரையோ வெளியே போகும் தண்ணீரையோ திருப்பவோ நிறுத்தவோ கூட்டவோ கூடாது. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அதுவும் வனவிலங்கின் நன்மைக்குத் தேவை என்றால்தான் தர முடியும். நம் நாட்டுச் சட்டங்களில் ஆற்று ஓட்டத்தைப் பெயர் சொல்லிக் காப்பவை மிகக் குறைவு, இது அதில் ஒன்று. மேகதாது பக்கம் கர்நாடகத்திலும் காவிரி வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. அங்கே கர்நாடகம் கட்ட நினைக்கும் 67.16 டிஎம்சி அணை பற்றிப் பேசும்போது பங்கீட்டுச் சண்டையோடு இந்தப் பிரிவையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வனவிலங்குச் சட்டம், சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வராது. இதற்கு உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

கங்கைக்குத் தனி ஆணை இருக்கிறதாமே?

2018 அக்டோபரில் வந்தது. மேல் கங்கையில் அணை வைத்திருப்பவர், குளிர்காலத்தில் ஓட்டத்தின் 20 விழுக்காடு, மழைக்காலத்தில் 30 விழுக்காடு என்று ஆற்றில் விட்டாக வேண்டும். கங்கைக்கு மட்டும்தான். காவிரிக்கோ தென்பெண்ணைக்கோ அப்படி ஓர் ஆணை இல்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஆகஸ்டில் நாட்டின் ஆறுகள் அனைத்திலும் வறண்ட பருவச் சராசரியில் 15 முதல் 20 விழுக்காடு ஓட வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. 2012 தேசிய நீர்க் கொள்கையும் ஆற்றின் தேவையை ஒதுக்கிவைக்கச் சொல்கிறது. கொள்கை என்பது கொள்கை, அதை வைத்துக்கொண்டு யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது.

வெளிநாட்டில் வேறு வழி பிடித்தார்கள். மேற்கு அமெரிக்காவில் முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்பது பழைய விதி. ஆற்றிலிருந்து எடுத்தால்தான் உரிமை, ஆற்றிலேயே விட்டால் ஒன்றும் இல்லை. கொலராடோ 1973-ல் ஒரு சட்டம் போட்டு, ஆற்றிலேயே ஓடும் தண்ணீருக்கு மாநில வாரியம் ஒன்று உரிமை வைத்துக்கொள்ளலாம் என்றது. 1987-ல் ஓரிகன் மாநிலமும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் வரிசையில் கடைசி ஆள். வறட்சி வந்தால் நூறு வருஷத்துக்கு முன் பதிந்த பண்ணைக்காரர் எடுத்த பிறகே மீனுக்கு. ஆஸ்திரேலியா 2007 சட்டப்படி ஆற்றுக்காகத் தண்ணீர் உரிமையை வைத்திருக்க ஓர் அதிகாரியையே நியமித்தது.

விவசாயிக்கே தண்ணீர் இல்லை, இதில் மீனுக்கா?

நியாயமான கோபம். பதில் ஆற்றுக்கு ஆறு மாறும்.

காவிரியில் மீன் குடித்துத் தீர்ப்பது ஒன்றும் இல்லை. பிலிகுண்டுலுவில் வரும் இரண்டரை டிஎம்சி ஒகேனக்கல் தாண்டி மேட்டூரில்தான் போய்ச் சேர்கிறது. 2013-ல் தொடங்கிய, ஃபுளோரைடு தண்ணீரிலிருந்து நம் இரண்டு மாவட்டங்களையும் மீட்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் அதே ஓட்டத்தில்தான் நிற்கிறது. மீனுக்கு ஓடுவது நமக்கும் ஓடுகிறது.

தென்பெண்ணையில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. கிருஷ்ணகிரி அணையின் ஆயக்கட்டு 9,012 ஏக்கர், கெலவரப்பள்ளிக்கு 8,000. அணைக்குக் கீழே ஆற்றில் விடும் ஒவ்வொரு கனஅடியும் வாய்க்காலுக்குப் போகாத கனஅடி. விவசாயியிடம் இதை மறைக்கக்கூடாது. மறைத்தால் இந்தப் பேச்சே எடுபடாது. ஆனால் கோடையில் ஆறு ஓடினால் கரையோரக் கிணறு ஊறும், அந்தக் கணக்கையும் அவரோடு உட்கார்ந்துதான் போட வேண்டும்.

என் நிலத்துப் போர்வெல்லுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?

சட்டத்தில் சம்பந்தம் இல்லை, நிலத்தடியில் உண்டு. தன் நிலத்துக்குக் கீழே கசியும் நீரை எடுக்க 1882 சட்டம் நிலக்காரருக்கு உரிமை கொடுத்துவிட்டது. கட்டுப்படுத்த 2003-ல் தமிழ்நாடு கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-ல் ரத்தானது. மழை நின்ற பிறகு சின்னாறு ஓடுவது பக்கத்து நிலங்களின் ஊற்றில்தான். ஆயிரம் அடியில் குழாய் இறக்கினால் அந்த ஊற்று திரும்பிக்கொள்கிறது.

தோட்டா போட்டு மீன் பிடிக்கிறார்கள். தடுக்கச் சட்டம் உண்டா?

1897-லிருந்து உண்டு. இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைப்பது 4-வது பிரிவு, விஷம் கலப்பது 5-வது பிரிவு. போலீசுக்குச் சொல்லுங்கள். சரணாலய எல்லைக்குள் என்றால் வனத்துறைக்கு.

அணையில் மீன் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீரில் உரிமை உண்டா?

பொதுவாக இல்லை. குத்தகை மீன் பிடிக்கும் உரிமை மட்டும், மதகுச் சாவி நீர்வளத்துறையிடம். மதகு மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள் என்றால் மட்டும் குத்தகைப் பத்திரத்தோடு வாருங்கள், பார்க்கலாம்.

சரி, இப்போது நான் என்ன மனுப் போடலாம்?

மாசு என்றால் சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை தலையெடுத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதற்கு மேல் 60 நாள் வரை காரணம் சொல்லிக் கேட்கலாம்.

அதற்கு முன் பத்து ரூபாய் கட்டி ஓர் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமை மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். மத்திய நீர் ஆணையத்திடம் இப்படிக் கேளுங்கள்: 'பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளின் பிப்ரவரி முதல் மே வரை பதிவான தினசரி நீரோட்டம், கனஅடியில், தேதிவாரியாக.' மாத மொத்தம் வேண்டாம், தினசரி என்று அடிக்கோடிடுங்கள். நீர்வளத்துறையிடம் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளிலிருந்து அதே நாட்களில் ஆற்றில் விட்டது தனியாக, வாய்க்காலில் விட்டது தனியாக. பதில் கைக்கு வந்ததும் பூஜ்யம் என்று இருக்கும் நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.